விளையாட்டுக்கு ஒரு நியாயம்

“அதுல கேம் ஓடாதுங்க” என்று ஒரு வாக்கியம் திருப்பூர்ப் பக்கத்தில் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் பிறந்த வாக்கியம் அது. அவினாசியில் விசாரித்தாலும் இதே பதில். பல்லடத்தில் விசாரித்தாலும் இதே பதில். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவர் ஒருவரின் மகன், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போகிறான். அதில் விண்டோஸ் ஒரு பக்கமும் லினக்ஸ் ஒரு பக்கமுமாக இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன. கடைக்காரர் லினக்ஸைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். “இது எதுக்கு கண்ணு? இதுல கேம் ஓடாது. அழிச்சிட்டு நல்லதாப் போட்டுத் தரேன்” என்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் துடைத்தெறியப்படுகிறது. அந்த இடத்தில் திருட்டு விண்டோஸ் ஒன்று ஏறுகிறது. கடைக்காரரின் அன்பளிப்பாகப் பூட்டுடைத்த விளையாட்டுகள் நாலைந்தும் கூடவே ஏறுகின்றன.

பையன் சந்தோஷமாக வீடு திரும்புகிறான். ஆனால் அவன் கற்றுக்கொண்டு போகிற பாடம் என்ன? நேர்வழியில் கையில் கிடைத்தது உதவாத சரக்கு. பிறர் உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். பதினேழு வயதில் மனத்தில் ஏறிவிட்ட இந்தப் பாடம் பிறகு சுலபத்தில் இறங்காது.

கடைக்காரரின் வாக்கியம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று அது பொய். அந்தப் பொய்யினால் யார் யார் எதை இழக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்கிற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1991இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கி வைத்தது அது. பிறகு பல நாட்டினரும் கூடி வளர்த்தார்கள். அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஊர்ப் பொதுக் கிணற்றைப் போன்றது. நம் மாநிலத்துக்கும் அது புதிதல்ல. 2007இல் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்ற முனைந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் ‘பாஸ்’ என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கு இசைவான லினக்ஸ் ஒன்றை உருவாக்கினார்கள். 2011இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸும் சேர்ந்து மாணவர்கள் கைக்குப் போயிற்று.

போய் என்ன ஆயிற்று? பெரும்பாலான பையன்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே நம் பெரியவர்கள் பையன்களைக் குறை சொன்னார்கள். “அரசாங்கம் படிக்கக் கொடுத்ததை வைத்துக்கொண்டு விளையாட இடம் தேடுகிறான்கள்” என்று அங்கலாய்த்தார்கள். இந்த வழக்கில் நான் பையன்கள் பக்கம். படிப்பு, வேலை, விண்ணப்பம் என்று கடமைகளை மட்டுமே அடுக்கி ஒரு பெட்டியை நீட்டினால் பதினேழு வயதுப் பிள்ளை அதை எதற்காக நேசிக்க வேண்டும்? ஒரு மொழி இலக்கணத்தினால் மட்டும் குழந்தையின் நாவில் ஏறுவதில்லை. தாலாட்டும் விடுகதையும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும்தான் அதை ஏற்றி வைக்கின்றன. இயங்குதளத்துக்கும் அதே விதிதான். விளையாட்டு இல்லாத இடத்தில் இளமை தங்காது.

ஒரு சங்கதியை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். விளையாட்டு என்றதும் ரம்மியையும் சூதாட்டத்தையும் நினைத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தடை செய்தது. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. நான் பேசுவது ஒரு முறை விலை கொடுத்து வாங்கி, ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து ஆடுகிற விளையாட்டைப் பற்றி. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் விளையாடுகிற ஒரு செக்கிங் பையனைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கதை படிக்கிற நாம் என்ன, கல்லா உடைக்கிறோம்?

சரி, லினக்ஸில் விளையாட்டு ஓடுமா? அதன் பழைய கதையைக் கேளுங்கள். ‘டூம்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டு 1994லேயே லினக்ஸுக்கு வந்தது. 1998இல் அமெரிக்காவில் லோகி என்று ஒரு கம்பெனி தோன்றியது. பிறர் எழுதிய விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்பதே அதன் தொழில். போதிய பேர் வாங்கவில்லை. 2002 ஜனவரியில் கம்பெனி மூடப்பட்டது. ‘இலவச இயங்குதளக்காரன் காசு கொடுத்து எதையும் வாங்க மாட்டான்’ என்ற அவப்பெயர்தான் மிச்சம்.

பிறகு காலம் மாறிற்று. ஸ்டீம் என்ற பெரிய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி, 2013 பிப்ரவரியில் அந்தக் கடையை லினக்ஸிலும் திறந்தது. 2018இல் ‘புரோட்டான்’ என்றொரு கருவியைக் கொடுத்தது. இது ஒரு துபாஷி. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவில் நின்று துபாஷி பேசினார் அல்லவா? அதுபோல விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட விளையாட்டு எதைக் கேட்கிறதோ, அதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிறது. லினக்ஸ் தரும் பதிலை விளையாட்டுக்குத் திருப்பிச் சொல்கிறது. இதன் அடிப்படை 1993 முதல் தொண்டர்கள் வளர்த்துவந்த ‘வைன்’ என்ற திட்டம். 2022இல் வால்வ் கம்பெனி ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியையே லினக்ஸின் மேல் கட்டி விற்கத் தொடங்கிவிட்டது. விண்டோஸுக்காக எழுதிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இன்று இந்தத் துபாஷியின் தயவில் ஓடுகின்றன. ஸ்டீம் கடையில் இந்தியருக்கு ரூபாயிலேயே விலை போட்டிருக்கிறது. தள்ளுபடிக் காலத்தில் இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குள் பல நல்ல விளையாட்டுகள் கிடைக்கின்றன.

‘வெண்பா’ என்ற ஒரு விளையாட்டை மட்டும் சொல்கிறேன். கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயார் கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் எழுத்து மங்கியும் கிடக்கிறது. விட்டுப்போன பகுதிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். அதுதான் விளையாட்டு. மகன் தமிழிலிருந்து விலகிப் போவதும், தாய் தனித்துப் போவதும் அந்த அடுப்படியிலேயே நடந்து முடிகின்றன. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. நாவல் படிக்கிறவர்கள் இதை விளையாடிப் பார்த்துவிட்டு, விளையாட்டு அற்ப விஷயம் என்று இன்னொரு முறை சொல்லட்டும். விண்டோஸுக்கென்று விற்கப்படும் இந்த விளையாட்டும் புரோட்டான் வழியாக லினக்ஸில் ஓடுகிறது.

இவ்வளவும் இருக்க, கடைக்காரர் இன்னமும் “ஓடாதுங்க” என்கிறார். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்; தெரிந்துகொள்ளச் சோம்பலாகவும் இருக்கலாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் பத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பு பழைய யந்திரங்கள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. பவர் டேபிள் வைத்து நடத்துகிற சிறு முதலாளிகளின் ஆபீஸ்களிலும், தொழிலாளர் வீடுகளிலும், இரண்டாங்கையாக வாங்கிய இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் எத்தனையோ உண்டு. நன்றாக ஓடுகிற யந்திரத்தைக் குப்பையில் போடு என்று ஒரு கம்பெனி சொன்னால் போட்டுவிடுவதா? லினக்ஸைப் போட்டால் அது இன்னும் பல வருஷம் உழைக்கும். பழைய யந்திரத்தில் புத்தம் புது விளையாட்டெல்லாம் ஓடிவிடாது என்பது வாஸ்தவம். சிறிய விளையாட்டுகள், பழைய விளையாட்டுகள் ஓடும்.

“இயங்குதளமே இலவசமாகக் கிடைக்கும்போது விளையாட்டுக்கு மட்டும் ஏன் காசு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. திருப்பூர்க்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? பீஸ் ரேட்டில் வாழ்கிற ஊர் இது. ஒரு பனியனில் கட்டிங்குக்கு ஒரு கூலி, தையலுக்கு ஒரு கூலி, அயர்னிங்குக்கும் பேக்கிங்குக்கும் தனித்தனிக் கூலி. விளையாட்டிலும் அப்படித்தான்: எழுதினவர் ஒருவர், சித்திரம் போட்டவர் ஒருவர், சங்கீதம் அமைத்தவர் ஒருவர். கிணறு பொது என்பதற்காகக் கிணற்றடியில் இட்லி விற்கிறவளிடம் காசு கொடுக்காமல் பிடுங்கித் தின்பதா? தானே மனமுவந்து இலவசமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ‘வெஸ்நோத்’, ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ போன்றவை அப்படி வந்தவை. அவற்றைத் தாராளமாக ஆடுங்கள். விலை சொல்கிறவர்களுக்கு விலையைக் கொடுங்கள். லோகி கம்பெனி செத்ததை மறக்கக் கூடாது.

இனி, விற்கிறவர்கள் பக்கம் திரும்புகிறேன். காசு கொடு என்று நம்மிடம் கேட்கிறவர்கள், காசு வாங்கிய பின் எப்படி நடந்துகொள்கிறார்கள்? பெயரிலேயே திருட்டை வைத்திருக்கிற ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’வின் ஐந்தாம் பாகத்தைப் பலர் முழு விலை கொடுத்து வாங்கி லினக்ஸில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் அதில் மோசடித் தடுப்புக் காவல் ஒன்றைச் சேர்த்தார்கள். அன்றோடு அதன் ஆன்லைன் பகுதி லினக்ஸ்காரர்களுக்கு மூடிக்கொண்டது. அந்தக் காவல் மென்பொருள் லினக்ஸில் இயங்கக் கூடியதுதான், விற்றவர்கள்தான் அனுமதிக்கவில்லை. அடுத்த மாதம் ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’காரர்களும் லினக்ஸ்காரர்களை வெளியேற்றினார்கள். மோசக்காரர்கள் அந்த வழியாக வருகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். செக்கிங்கில் நாலு பீஸ் ரிஜெக்ட் ஆனால் லாட் முழுவதையும் கொளுத்துகிறோமா? கெட்ட பீஸைப் பொறுக்கி எடுப்பதற்குத்தானே செக்கிங்?

காதர்பேட்டையில் ஒரு பனியன் வாங்குகிறீர்கள். அடுத்த வருஷம் லேபிள்காரன் வீட்டுக்கு வந்து, “இதைத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளக் கூடாது, எங்கள் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்தால்தான் போட்டுக்கொள்ளலாம்” என்று சொன்னால் பொறுப்பீர்களா? யூபிசாஃப்ட் கம்பெனி இதற்கும் ஒரு படி மேலே போயிற்று. 2014இல் விற்ற ‘தி க்ரூ’ என்ற விளையாட்டை 2024 மார்ச் 31ஆம் தேதி அடியோடு நிறுத்திவிட்டது. காசு கொடுத்தவர்கள் தனியாக உட்கார்ந்து ஆடக்கூட முடியாது. அதன் விளைவாக எழுந்த ஐரோப்பிய விண்ணப்பத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கொடுப்பது உபயோகிக்கும் உரிமம் மட்டும் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று கடைக்காரன் எழுதக் கூடாது. வாடகைக்கு விடுகிறவன் வாடகை என்று சொல்ல வேண்டும்; இதற்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது!

நான் வால்வ் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். ஸ்டீம் கடையில் கிடைப்பதும் உரிமம்தான். பூட்டுப் போடாமல் விற்கிற ‘காக்’ போன்ற போலந்துக் கடையும் இருக்கிறது. 2008 முதல் நடக்கிறது. அங்கே வாங்கியதைத் தரவிறக்கி நம் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். முடிந்தவரை அப்படி விற்கிறவர்களிடம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

சுதந்திர மென்பொருள் இயக்கத்தின் தந்தையான ரிச்சர்டு ஸ்டால்மன் 2012லேயே இதைப் பற்றி எழுதினார். பூட்டிய விளையாட்டுகள் லினக்ஸுக்கு வருவது சுதந்திரத்தின் அருமையை மறக்கடிக்கும் என்பது அவர் கவலை. ஆனாலும் அவற்றை ஆடத்தான் போகிறாய் என்றால் விண்டோஸில் ஆடுவதைவிட இங்கே ஆடுவது மேல் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வழியில் நடப்பதாகச் சொல்லிக்கொண்டு, விளையாடுகிறவனைத் தீண்டத்தகாதவனாகப் பார்க்கிற சீடர்களை என்னால் மதிக்க முடியவில்லை. அந்த உபதேசத்தைக் கேட்டுவிட்டுப் பையன் எங்கே போவான்? திருட்டு விண்டோஸ் போடுகிற கடைக்குத்தான்.

“நூற்றுக்கு மூன்று பேர்தானே லினக்ஸில் விளையாடுகிறார்கள், அவர்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்?” என்பது கடைசி ஆட்சேபணை. ஸ்டீம் கடையின் கணக்கில் அந்த மூன்றைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். ஆனால் அந்த மூன்று பேர் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். திருட்டு விண்டோஸில் பூட்டுடைத்து ஆடுகிற பெருங்கூட்டத்துக்கு எந்தக் கணக்கிலும் குரல் கிடையாது. வாங்கினவன்தான் “ஏன் மூடினாய்?” என்று கேட்க முடியும். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய் வேண்டாமா?

கோயில் மண்டபக் கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு கீறி வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. யார் வேண்டுமானாலும் கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு உட்காரலாம். அப்படி ஆடி வளர்ந்த ஜனங்கள் நாம். எனவே பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளை விளையாட்டு வேண்டும் என்று கேட்டால் திட்டாதீர்கள், திருடிக் கொடுக்கவும் செய்யாதீர்கள். இரண்டு நல்ல விளையாட்டை விலைக்கு வாங்கிக் கொடுங்கள். ரசீதைக் காட்டி, இது எதுவரை உனக்குச் சொந்தம் என்பதையும் படித்துக் காட்டுங்கள். மடிக்கணினி கொடுக்கிற அரசாங்கத்திடம் கேட்டுக்கொள்கிறேன்: லினக்ஸைப் போட்டுக் கொடுக்கும்போது பத்து விளையாட்டையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள். கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று: அண்ணா, அடுத்த பையன் வரும்போது “ஓடாதுங்க” என்று சொல்வதற்கு முன்னால், ஒரு தரம் ஓட்டித்தான் பாருங்களேன்!