மின்சாரம் வேண்டும், மின்பணியாளர் வேண்டாமா?

பெங்களூரில் மின்விளக்கு எரிந்தது 1905-ஆம் ஆண்டில். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1902 ஜூன் மாதத்தில், நம் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் மின் நிலையம் அமைத்து, அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துச் சுரங்கங்களுக்குக் கொண்டு வந்தார்கள். அன்றைய உலகில் அவ்வளவு தொலைவுக்கு மின்சாரம் சென்ற இடங்கள் மிகச் சிலவே. தங்கவயல்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பெருமையைப் பேசாமல் எழுந்து போவதில்லை. பேச வேண்டிய பெருமைதான்.

அந்தத் திட்டத்தை முன்னெடுத்த மைசூர் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயரின் பெயர் நமக்குத் தெரிகிறது. திட்டம் வகுத்த பொறியாளர் ஜோலி டி லோட்பினியேரின் பெயர் தெரிகிறது. மின் இயந்திரங்கள் தந்த ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் பெயரும் தெரிகிறது. ஆனால் அந்த 147 கிலோமீட்டருக்கும் குழி தோண்டியவர் யார்? கம்பம் நட்டவர் யார்? கம்பத்தின் மேல் ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டியவர் யார்? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அவர்களுடைய பெயர்கள் இல்லை.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நம் வீட்டுக்கு ஒயரிங் செய்தவரின் முழுப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'அந்த எலக்ட்ரீஷியன்', 'அந்த ஒயர்மேன் பையன்' என்கிறோம். அவருக்கு வயது ஐம்பது ஆகியிருந்தாலும் பையன்தான்!

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் மின் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெற்றவன். பெரிய படிப்பாளி அல்ல. ஆனால் கருவி பிடித்து வேலை செய்பவர்களோடு என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ரயில்வேயில் தொழிலாளிக்கு ஒரு படிக்கட்டு உண்டு. கலாசியாகவோ ஹெல்பராகவோ சேருகிறவர் டிரேட் டெஸ்ட் எழுதி, செய்தும் காட்டி, மூன்றாம் நிலை டெக்னீஷியன் ஆகலாம். பிறகு இரண்டாம் நிலை, முதல் நிலை. அதற்கும் மேலே மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் என்ற நிலை ஒன்று இருந்தது. இப்போது அதைச் சீனியர் டெக்னீஷியன் என்கிறார்கள். ஒரு ஜாயிண்ட்டை எப்படிப் போடுகிறார், பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பதவி உயர்வு. மேலே செல்லும் 25,000 வோல்ட் கம்பியில் வேலை என்றால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, எழுத்து மூலம் அனுமதி கையில் வந்த பிறகே ஆள் ஏறலாம். அந்தத் தாள் கைக்கு வராமல் 'ஏறு' என்று சொல்லும் அதிகாரம் எந்தப் பெரிய அதிகாரிக்கும் கிடையாது. தொழிலாளியின் உயிருக்கும் திறமைக்கும் எழுத்தில் தரப்பட்ட மரியாதை என்று இதைத்தான் சொல்வேன்.

ரயில்வே காம்பவுண்டை விட்டு வெளியே வந்து பாருங்கள். வீட்டு ஒயரிங் வேலை நடக்கிறது. 'மெயின் ஆஃப் பண்ணியாச்சா?' என்று ஒருவர் மாடியிலிருந்து கத்துகிறார். 'ஆச்சு' என்று கீழேயிருந்து ஒரு குரல். அவ்வளவுதான் பாதுகாப்பு. இந்த நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் சொல்கின்றன. இவற்றில் விதி என்று தள்ளிவிடக் கூடியவை மிகக் குறைவு என்பது என் கருத்து.

நாம் எங்கே பேரம் பேசுகிறோம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். புது வீடு கட்டும்போது பளபளக்கும் சுவிட்சுகளுக்கும், கூடத்தில் தொங்கும் அலங்கார விளக்குக்கும் கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். எலக்ட்ரீஷியனிடம் வரும்போதுதான் 'பாயிண்ட்டுக்கு எவ்வளவு?' என்று கணக்குப் பார்க்கிறோம். மூன்று பேரிடம் கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுக்கிறோம். அவர் எங்கே குறைப்பார்? சுவருக்கு வெளியே தெரியும் இடத்தில் குறைக்க முடியாது. சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும்தான் குறைப்பார். ஒயரின் கனம் குறையும். எர்த் குழியின் ஆழம் குறையும். நம் தங்கவயல் பாறை பூமி. இங்கே நல்ல எர்த் கிடைப்பதற்குக் கூடுதலாகத் தோண்ட வேண்டும், தோண்டியபின் மீட்டர் வைத்து அளந்தும் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு நாம் கூலி கொடுத்தோமா?

பலரும் 'எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோமே' என்பார்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. மனித உடம்பில் முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர் கணக்கு. குளிர்சாதனப் பெட்டியின் உடலில் மின்கசிவு ஏற்பட்டு, அதைத் தொட்ட குழந்தை துடித்தாலும் எம்.சி.பி. அசையாது. கசிவைக் கண்டு உடனே இணைப்பை வெட்டுவது ஆர்.சி.சி.பி. என்ற மற்றொரு கருவி. வீடுகளுக்கு முப்பது மில்லி ஆம்பியர் அளவில் அது கிடைக்கிறது. அதுவும் சரியான எர்த்தும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. இதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் எலக்ட்ரீஷியன். ஆனால் சொன்னால் 'பில்லை ஏற்றப் பார்க்கிறான்' என்று நாம் நினைப்போம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார். மரியாதை இல்லாத இடத்தில் நல்ல யோசனையும் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? மின் அமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும். பல்பு, பியூஸ், சுவிட்சு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இருந்த இந்த நிபந்தனை, பின்னர் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. நடைமுறையோ வேறு. வேலை செய்பவர் ஒருவர். தாளில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். திறமை இருப்பவரிடம் தாள் இல்லை, தாள் இருப்பவர் வேலை இடத்தில் இல்லை. இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரரின் குடும்பம்.

இது நம் ஊரை மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தொடும் விஷயம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கத்தில் கூண்டு ஏறி இறங்கவும், பம்புகள் ஓடவும், காற்று கிடைக்கவும் மின்சாரத்தைக் காத்து நின்ற கைகள் வேலையிழந்தன. நான் அறிந்த சிலர் தந்தையிடமும் மேஸ்திரியிடமும் பழகிப் பழகித் தொழில் கற்றவர்கள். மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வார்கள். வெளியே வந்து வேலை தேடியபோது எல்லா இடத்திலும் கேட்ட முதல் கேள்வி, 'சர்ட்டிபிகேட் இருக்கிறதா?' என்பதுதான். இல்லை என்றதும் கையாள் கூலி.

இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் ரயிலேறி பெங்களூருக்குப் போகிறார்கள். ஒருமுறை என் எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் கம்ப்யூட்டர் பையைத் திறந்தார். உள்ளே டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இன்சுலேஷன் டேப்பும் இருந்தன. ஐ.டி.ஐ. படித்தவர். 'ஏம்ப்பா இந்தப் பையில வச்சிருக்கே?' என்று கேட்டேன். 'ஆபீஸ் வேலைன்னுதான் சார் தெருவுல நெனச்சிட்டிருக்காங்க. ஒயர்மேன்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்க' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நேர்மையாக உழைக்கும் ஒருவர் தம் கருவியை மறைத்துக்கொண்டு போகும்படி வைத்திருக்கிறோமே, அந்த வெட்கம் அவருடையதா, நம்முடையதா?

பெற்றோரின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்தவர்களையும், தூசியை மூச்சில் இழுத்து நுரையீரல் கெட்டு இருமியே காலம் கழித்தவர்களையும் பார்த்த ஊர் இது. 'என் பிள்ளை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும்' என்று அந்தத் தலைமுறை நினைத்ததில் நியாயம் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையால் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் சாதியோடு ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்தது. அந்த எண்ணத்தை எதிர்த்து நின்றதும் இதே ஊர்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் காலத்துக்குப் பிறகு தங்கவயலிலிருந்து வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த இந்த ஊரிலிருந்துதான் பத்திரிகை வந்தது, அறிவுப் பிரசாரம் நடந்தது. உழைப்பும் அறிவும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர்கள் நினைக்கவில்லை. நாம் ஏன் நினைக்க வேண்டும்?

பெற்றோர் விடுபட நினைத்தது ஆபத்திலிருந்தும் அவமதிப்பிலிருந்தும்தான். தொழிலை விட்டு ஓடாமலே அந்த இரண்டையும் போக்க முடியும். ஜெர்மனியில் எலக்ட்ரீஷியன் ஆக மூன்றரை ஆண்டு பயிற்சி. சொந்தமாக நிறுவனம் நடத்தப் பொதுவாக 'மைஸ்டர்' என்ற உயர் தகுதி வேண்டும். அந்தப் பட்டத்தை அங்கே யாரும் பையில் மறைப்பதில்லை.

மரியாதை ஒருவழிப் பாதை அல்ல என்பதையும் தொழில் செய்யும் தம்பிகளுக்குச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு நாள் போனை எடுக்காமல் இருப்பது, கடைக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு மட்டமான ஒயரைச் சிபாரிசு செய்வது, ஜாயிண்ட்டை அரைகுறையாக முறுக்கிவிட்டுப் போவது, இவையெல்லாம் தொழிலின் பெயரைக் கெடுக்கின்றன. செய்த வேலைக்கு எழுத்தில் பில் கொடுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். உங்கள் பெயரை அதில் எழுதுங்கள்.

இனி நாம் செய்யக் கூடியவை. முதலாவது, வேலை கொடுக்கும் முன் உரிமத்தையும் பர்மிட்டையும் கேட்டுப் பாருங்கள், எர்த், ஆர்.சி.சி.பி., கடைசிச் சோதனை ஆகியவற்றுக்குத் தனியாகத் தொகை ஒதுக்கி, அதில் பேரம் பேசாதீர்கள். இரண்டாவது, அனுபவத்தால் கற்றவர்களுக்குச் சான்று கிடைக்க உதவுவோம். முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. அது ஒயர்மேன் பர்மிட்டுக்கு ஈடாகாது என்பதால், பர்மிட்டுக்கான தகுதியையும் தேர்வையும் மாநில மின் ஆய்வுத் துறையில் கேட்டு அறியலாம். விண்ணப்பங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தயங்கி நிற்கும் தமிழ்த் தொழிலாளர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டால், விண்ணப்பம் நிரப்பித் தர நானும் வந்து உட்காரத் தயார்.

மூன்றாவது, நம் ஆண்டு விழாக்களில் எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி. தேர்வுகளில் முதல் மதிப்பெண் பெற்றவர்களை மேடையேற்றிப் பரிசு தருகிறோம். மிக நல்லது. அதே மேடையில் ஐ.டி.ஐ.யில் சிறப்பாகத் தேறிய மாணவர் ஒருவரையும் மாணவி ஒருவரையும் ஏற்றுவோம். நாற்பது ஆண்டுகள் விபத்தில்லாமல் தொழில் செய்த பெரியவர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

ஆயுத பூஜையன்று கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் சமூகம் நாம். கருவியைப் பிடித்தவர் வீட்டுக்கு வந்தால் நின்றபடியே பேசி அனுப்பிவிடுகிறோம். அடுத்த முறை அவர் வரும்போது ஒரு நாற்காலி போட்டு, ஒரு வாய் காபி கொடுத்து, 'எங்க வீட்டு எர்த் சரியா இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு, அதற்கு உரிய கூலியையும் கொடுங்கள். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கு அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.