ஓசிக்கு ஒரு மாநாடா?

தென்காசியில் வெப்சைட் செய்து கொடுக்கும் பையன்கள் நாலு பேர், லீவு சொல்லிவிட்டு, 2023 செப்டம்பரில் பாலருவி ரயிலேறிக் கொச்சிக்குப் போய் வந்தார்கள். அங்கே டெபியன் மாநாடு. டெபியன் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் கட்டற்ற மென்பொருள். அதன் உலக மாநாடு இந்தியாவில் நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்தால், முதலாளி மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டாராம். "ஓசியில் கிடைக்கிற சாமானுக்கு மாநாடு ஒரு கேடா?" என்றாராம்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இவரை ஒரு நாள் உட்கார வைத்திருக்க வேண்டும். காசில்லாமல் கிடைப்பது 'கிராத்துயி', கட்டில்லாதது 'லீப்ர்'. இங்கிலீஷ்காரனுக்குத்தான் இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கென்ன வந்தது?

குற்றாலத்தில் குளிக்கிறோம். சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்கிறார்கள். கீழே அந்தத் தண்ணீரை நம்பி ஊர் இருக்கிறது. டெபியனும் 1993-லிருந்து அப்படித்தான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். பராமரிப்பவர்கள் தொண்டர்கள். அவர்கள் கூடிப் பேசாமல் எப்படி ஓடும்?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்கள், கம்ப்யூட்டர் மாற்றியதும் புழுப்புழுவாய்த் தெரிந்தன. பத்து வருஷக் கோப்பு! கேட்கலாமென்றால் கம்பெனியே இல்லை.

முதலாளியின் சர்வரில் ஓடுவதும் டெபியன்தானாம். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடும் ஐயா. அடுத்த தடவை ரயில் டிக்கெட்டையும் நீரே எடுத்துக் கொடும்.