இரு மரம் கண்ட தச்சன்

ஒக்கலிபுரத்தில் நான் தங்கியிருக்கும் அறைக்கு எதிரே ஒரு குறுகிய சந்து உண்டு. ஞாயிறு மாலைகளில் அங்கே சிறுவர்கள் பந்து உதைப்பார்கள். இரண்டு செங்கல்லை வைத்துவிட்டால் அதுதான் கோல். தமிழும் கன்னடமும் ஒரே பேச்சில் கைகோத்து வரும். சென்ற மாதம் ஒரு நாள், போர்ச்சுகல் வீரர் ரொனால்டோவின் பெயர் பொறித்த சட்டையுடன் ஒரு பையன் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான்.

“என்னடா தம்பி?” என்றேன்.

“என்னைக் கோலுக்குப் போகச் சொல்றாங்கண்ணா.”

அவன் துயரம் எனக்கு விளங்கிற்று. நம் தெருவாட்டங்களில், ஓடத் தெரியாதவனுக்கென்று ஒதுக்கிய இடம் அது. முன்னே நிற்பவன் வீரன். பின்னே நிற்பவன் வேண்டாதவன்! அந்தப் பையனுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அதைத் தோழர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், இடம் மாற்றப்பட்டவனின் அழுகை அந்தச் சந்தோடு நின்றுவிடுவதில்லை. நம் விடுதிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அது மெல்லக் கேட்கிறது.

பீட்டர் தங்கராஜ் ஐதராபாத்தில் பிறந்த தமிழர். செகந்திராபாத்துச் சங்கங்களில் ஆடிப் பழகி, 1953-இல் படையில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னை ரெஜிமெண்டு மையத்தின் அணியில் அவர் முதலில் ஆடிய இடம் எது தெரியுமா? சென்டர் பார்வர்டு! கோல் போடுவதே அவருக்கு வேலை. பிறகுதான் கோலைக் காக்கும் இடத்துக்கு மாறினார்.

மாறியவர் மங்கிப் போனாரா? அவருடைய அணி 1955-லும் 1958-லும் டூராண்டு கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960-இல் ரோமுக்கும் சென்றார். 1958-இல் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்ற பெயர் பெற்றார். 1960-இல் அவர் தலைமையில் இராணுவ அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. கல்கத்தாவின் பெருஞ்சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. ஆடி ஓய்ந்த பின் பயிற்சியாளராக வாழ்ந்து, 2008-இல் பொகாரோவில் மறைந்தார்.

இவற்றுள் என் நெஞ்சைக் கவர்ந்த நாள் ஒன்று உண்டு. 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டம். எதிரே தென்கொரியா, தொடக்க ஆட்டத்தில் நம்மை 2–0 என்று வீழ்த்திய அதே அணி. அரங்கில் கூடியிருந்தோர் நம்மீது சினங்கொண்டிருந்தனர். தலையில் காயம்பட்டுத் தையலோடு இருந்தார், நம் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங். பயிற்சியாளர் ரகீம் என்ன செய்தார்? அவரை உட்கார வைக்காமல், முன்னணிக்கு அனுப்பினார்! பி. கே. பானர்ஜி ஒரு கோலும், அந்த ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டனர். மறுகோடியில் கோலைக் காத்து நின்றவர் தங்கராஜ். 2–1 என இந்தியா பொன் பதக்கம் வென்றது. முன்னே நின்றவர் பின்னே வந்து காத்தார். பின்னே நின்றவர் முன்னே சென்று அடித்தார். அணியில் இந்நகரத்து அருமைநாயகமும் இடம் பெற்றிருந்தார் என்பதை ஒக்கலிபுரத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் இயற்பியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். உயிரணுவின் சவ்வைப் பற்றி ஆராய வேண்டுமென்ற ஆசை ஓராண்டாக என்னை அரிக்கிறது. அதற்கு உயிரியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர வேண்டும். விண்ணப்பம் எழுதி மேசைமேல் கிடக்கிறது. இம்மாத இறுதிக்குள் அனுப்பியாக வேண்டும். செய்தியறிந்த நண்பர்கள் எனக்குச் சூட்டிய பட்டம், ‘தாவுகிறவன்’. குடியாத்தத்திலிருந்து தந்தை தொலைபேசியில் சொன்னது ஒரு பழமொழி: “பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்பா.”

நண்பர்களின் பட்டத்தைச் சிரித்துத் தள்ளலாம். தந்தையின் சொல்லைத் தள்ள இயலாது. அவர் தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவர். தறி சோறு போடாத நிலை வந்தபோது சாயப்பட்டறைக்கு மாறினார். வேலை பழகும் வரை எட்டு மாதம் வீட்டில் வருமானம் இல்லை. அந்த எட்டு மாதம்தான் பழமொழியாகிப் பேசுகிறது என்பதை அறிவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நூலின் இயல்பு தெரிந்தவன் சாயமேற்றினால் திட்டு விழாது என்று எங்கள் தெருவில் அவரைத்தானே புகழ்ந்தார்கள்? தறி கற்பித்தது பட்டறையில் பயன்பட்டதன்றோ! தங்கராஜும் அப்படித்தான் என்று எண்ணுகிறேன். உதைக்கப் போகிறவன் தோளை எப்பக்கம் சாய்ப்பான், கண்ணை எங்கே ஓட்டுவான் என்பதை அவன் நின்ற இடத்தில் நின்று பழகியவர் அவர். அந்தப் பழக்கம் கோலின் முன் நின்றபோது அவரை விட்டு எங்கே போய்விடும்? இது என் ஊகமே. ஆயினும், பழைய இடத்தில் கற்றதை யாரும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் புதிய இடத்துக்குள் நுழைவதில்லை.

நம் துறைக்கும் சான்று உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு உயிரியல் கற்க மீண்டும் மாணவராய் அமர்ந்தார். புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-இல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல் பரிசு! இயற்பியல், உயிரியல், வேதியியல் என்று நாம் எழுப்பிய சுவர்களை ரைபோசோம் அறியுமா?

அப்படியானால் ஆளுக்கு ஆறு மாதத்துக்கொரு துறை மாறலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இங்கேதான் பழமொழியின் உண்மை இருக்கிறது. தங்கராஜ் ஒரு முறை மாறினார். மாறிய இடத்தில் 1971 வரை நின்றார். ராமகிருஷ்ணன் பல ஆண்டுகள் ஒரே பொருளோடு போராடினார். பல மரத்தைக் கண்டுகொண்டே இருப்பவனைப் பழமொழி பழிக்கட்டும். இரு மரம் கண்டு, ஒன்றை வேரோடு வெட்டியவனை அது தொடாது. மாறுவது குற்றமாகாது, மாறிய இடத்தின் உழைப்பைக் கொடுக்க மறுப்பதே குற்றம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இடம் மாறுகிறவனுக்கு இடம் தருகிறவர்கள் தேவை. ரகீம் நம்பியிராவிட்டால் ஜர்னைல் சிங் பார்வையாளராக இருந்திருப்பார். பல ஊர்களிலிருந்து பிழைப்பையும் படிப்பையும் நாடி இந்நகருக்கு வந்தவர்கள் நாம். ஊரையும் மொழிச்சூழலையும் மாற்றிக்கொண்ட நாம், துறை மாறுகிற தோழனைக் கேலி செய்வது அழகா? மாதம் ஒரு மாலை நம் சங்கம் கூடட்டும். ஒருவர் தம் துறையைப் பிற துறையினர்க்குத் தமிழில் விளக்கட்டும். வேதியியலார் வரலாற்றையும், பொறியியலார் தாவரவியலையும் கேட்டறியட்டும். மாற எண்ணுகிறவனுக்கு அங்கே ஒரு கை கிடைக்கும். மாற வேண்டாதவனுக்கும் ஒரு சன்னல் திறக்கும்.

சந்துப் பையனின் கதையை முடிக்கவில்லையே! கதை கேட்டவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு செங்கற்களுக்கிடையே போய் நின்றான். முதல் பந்து அவன் காலிடையே புகுந்து கோலாயிற்று. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதை வயிற்றில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, என் சன்னலை நிமிர்ந்து பார்த்தான்.

இனி நான் மேசையைப் பார்க்காமல் இருக்க முடியுமா? தந்தைக்கு இன்றிரவு பேசுகிறேன். முதல் இரண்டு பந்து உள்ளே போகக்கூடும் என்பதையும் சொல்லிவிட்டே விண்ணப்பத்தை அனுப்புவேன்.