தீர்ந்துபோகும் மருந்துகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களான தென் கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் பீச் பயிரிடுகிறவர்கள், வசந்தகால உறைபனிக்கு அடுத்தபடியாக அஞ்சுவது பழுப்பு அழுகல் நோய்க்குத்தான். மோனிலினியா ஃபிரக்டிகோலா என்ற பூஞ்சை பூக்கும் காலத்திலேயே மரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. காய் பச்சையாக இருக்கும்வரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். சதை இளகிச் சர்க்கரை ஏறும் கடைசி மூன்று வாரங்களில் தன் வேலையைக் காட்டும். நகக்கண் அளவில் தோன்றும் பழுப்புப் புள்ளி சில நாட்களில் பழம் முழுவதும் பரவும். தோலின்மேல் சாம்பல் நிறத் தூள் படியும். அந்தத் தூள் அத்தனையும் பூஞ்சையின் வித்துகள். மழைத்துளி தெறித்தாலும் காற்று வீசினாலும் அவை அடுத்த கிளைக்கு, அடுத்த மரத்துக்குப் போய்விடும். கலிபோர்னியாவின் கோடை வறண்டது என்பதால் அங்கே ஓரளவு தப்பிக்கலாம். தென்கிழக்கிலோ அறுவடை நாட்களில்தான் மழையும் புழுக்கமும் வருகின்றன. ஓராண்டு உழைப்பும் வாங்கிய கடனும் அந்த மூன்று வாரத்தில் தொங்கும்போது விவசாயி மருந்து அடிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த மருந்தின் வீரியம் அவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமானதல்ல. வட்டாரத்தில் உள்ள எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவானது; செலவழித்தால் தீர்ந்துபோகக்கூடியது. அதைக் காக்கிற பொறுப்பை விவசாயியின் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்கி நிற்கக் கூடாது.

இந்த நோயின் வரலாறே இதற்குச் சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீச் தோட்டக்காரர்களுக்கு இருந்த துணை, கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த தெளிப்பு. பின்னர் காப்டான் வந்தது. இவை பூஞ்சையின் செல்லைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகின்றன. எல்லா இடத்தையும் ஒருசேர மாற்றிக்கொள்ள பூஞ்சையால் முடியவில்லை. அதனால் பல பத்தாண்டுகள் கழித்தும் இவை பலன் தருகின்றன. இவை பழத்தின் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன, மழையில் கழுவப்பட்டுவிடுகின்றன என்பதுதான் குறை. 1970களில் திசுவுக்குள் ஊடுருவும் பெனோமில் வந்தபோது நோய்க்கு முடிவு வந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். சில ஆண்டுகள்தான். அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே அதற்கு அசையாத பூஞ்சை தோட்டங்களில் தென்பட்டது. பெனோமில் தாக்குவது ஒரே ஒரு புரதத்தை. அந்தப் புரதத்தின் ஒற்றை அமினோ அமிலம் மாறினாலே மருந்து வந்து ஒட்ட இடமில்லை. மருந்து அடிக்க அடிக்க மற்றவை செத்து, மாறிய பூஞ்சை மட்டும் மிஞ்சிப் பெருகியது.

அடுத்து, பூஞ்சையை வேறொரு வழியில் தாக்கும் குழுவைச் சேர்ந்த புரோபிகோனசோல் முதலான மருந்துகள் வந்தன. ஜார்ஜியாவில் அவையும் தடுமாறின. மருந்து குறிவைக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு முன்னால் ஒரு சிறு மரபணுத் துண்டு வந்து செருகிக்கொண்டு, அந்தப் புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்ய வைக்கிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் வந்த போஸ்காலிட் மருந்துக்கும் எதிர்ப்பு பதிவாகிவிட்டது. ஸ்ட்ரோபிலுரின் குழு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. மற்றப் பயிர்களின் பூஞ்சைகள் அந்தக் குழுவை முறியடிக்கப் பயன்படுத்திய மரபணு மாற்றம் இந்தப் பூஞ்சைக்கு நேர்ந்தால், அதன் மரபணு அமைப்பின் காரணமாக அந்த மரபணுவையே சரியாகப் படிக்க முடியாமல் அது செத்துப்போகும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் மனிதருடைய சாமர்த்தியம் ஏதும் இல்லை. அதை நம்பி ஒரு தொழிலை நடத்த முடியாது.

புதிது புதிதாக மருந்து வந்துகொண்டேதானே இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன வரலாறு அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. ஒரு புது மூலக்கூறு ஆய்வகத்திலிருந்து கடைக்கு வந்து சேர பல ஆண்டுகளும் பெரும் பணமும் வேண்டும். பூஞ்சைக்கோ ஒரு பருவத்திலேயே பல தலைமுறை. தவிர, புதிதாக வருபவற்றில் பலவும் பழைய குழுக்களிலேயே வேறு பெயரில் வருபவை; ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் அந்தக் குழுவின் மற்ற மருந்துகளும் பெரும்பாலும் கூடவே தளர்ந்துவிடும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? இங்கேதான் எனக்கு ஆதங்கம். பூஞ்சை குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே: கடந்த ஆண்டு அழுகி, கிளையிலேயே காய்ந்து சுருங்கித் தொங்கும் பழங்கள், தரையில் விழுந்து மண்ணில் பாதி புதைந்தவை, சிறு கிளைகளில் உள்ள புண்கள். தரையில் கிடப்பவற்றிலிருந்து வசந்தத்தில் சின்னஞ்சிறு கிண்ணக் காளான்கள் முளைத்து, சரியாகப் பூ விரியும் வேளையில் வித்துகளைக் காற்றில் ஏற்றுகின்றன. கவாத்து செய்யும்போதே காய்ந்த பழங்களையும் புண்பட்ட கிளைகளையும் வெட்டி அகற்றினால், மருந்து எதிர்கொள்ள வேண்டிய பூஞ்சையின் எண்ணிக்கையே குறைந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் எதிர்ப்பு பெற்ற ஒன்று அவற்றுக்குள் இருப்பதற்கான வாய்ப்பும் குறையும். தோட்டத்தை ஒட்டிய காட்டுப் பிளம் மரங்களை நீக்குவது, பழத்தில் துளையிடும் வண்டுகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் கட்டுப்படுத்துவது, பழங்களின் மேலுள்ள ஈரம் சீக்கிரம் காயும்படி கிளைகளைத் திறந்து வைப்பது ஆகியவையும் இதே கணக்கில் சேரும். இடைக்காலத் தெளிப்புகளுக்குக் கந்தகமும் காப்டானும் போதும். ஊடுருவும் மருந்துகளைப் பூக்கும் நேரத்துக்கும் கடைசி மூன்று வாரத்துக்கும் ஒதுக்கி, அங்கேயும் ஒரே குழுவை அடுத்தடுத்து அடிக்காமல் மாற்ற வேண்டும். இதெல்லாம் ஜார்ஜியா, கிளெம்சன் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் விவசாயிகளுக்குச் சொல்லி வருவதுதான்.

கூலியாள் செலவு கட்டுபடியாகாது என்பது வலுவான ஆட்சேபம். அதை ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து பருவ விசாவில் வருபவர்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. மருந்து தெளிக்கும் டிராக்டர் ஒரே ஆளைக் கொண்டு முழுத் தோட்டத்தையும் சுற்றிவிடும். ஆனால் இந்த ஒப்பீட்டில் ஒரு செலவு விடுபடுகிறது. மருந்து தோற்ற ஆண்டில் அழுகிய பழமும், அதற்காகக் கூடுதலாக அடித்த தெளிப்புகளும் எவருடைய கணக்கில் எழுதப்படுகின்றன? பக்கத்துத் தோட்டக்காரர் ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்து வளர்த்த பூஞ்சை, சுத்தமாகத் தோட்டம் வைத்திருப்பவரின் வேலியையும் தாண்டி வருகிறது. தனிமனிதர் ஒழுங்காக இருந்தும் பலன் கிடைக்காத இடத்தில்தான் பொதுப்பணம் தேவைப்படுகிறது. அந்தப் பணத்தைச் செலவிட ஒரு வழி ஏற்கெனவே உண்டு: கிளெம்சன், ஜார்ஜியா ஆய்வாளர்கள் உதட்டுக் களிம்பு (லிப் பாம்) வைக்கும் சிறு குழாய்க்குள் மருந்து கலந்த வளர்ப்பூடகத்தை அடைத்து, தோட்டத்துப் பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று சில நாட்களில் காட்டும் சோதனையை உருவாக்கினார்கள். மலிவானது, எளிதானது. விவசாயியை உபதேசத்தால் திருத்துவதைவிட, அவருடைய பழத்திலிருந்து எடுத்த பூஞ்சை மருந்துக்குள்ளேயே வளர்வதைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

பீச் பழத்தின் கதை நமக்கு எதற்கு என்று தோன்றலாம். பெனோமில் செடிக்குள் போய் மாறுவது கார்பென்டாசிமாகத்தான். நம் மருந்துக்கடைகளில் பல்லாண்டுகளாகப் பழக்கமான அதே கார்பென்டாசிம். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் ஆந்த்ராக்னோஸ் நோய்க்கு அது அடிக்கப்படுகிறது. அந்த நோயும் பூவில் நுழைந்து, பச்சைக் காயில் பதுங்கி, பழுக்கும்போது கரும்புள்ளியாக வெளிப்படுவதுதான். கார்பென்டாசிமும் தயோபனேட் மீத்தைலும் ஒரே குழுவைச் சேர்ந்தவை. இரண்டையும் மாற்றி மாற்றி அடிக்கும் விவசாயி, தான் மருந்தை மாற்றியதாகவே நம்புகிறார். அவரை ஏமாற்றுவது டப்பாவின் மேலுள்ள சிட்டை. அதிலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை வண்ணங்கள் மருந்தின் நச்சுத்தன்மையைச் சொல்கின்றன. அது பூஞ்சையை எவ்வழியில் கொல்கிறது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்கச் சிட்டைகளின் முதல் பக்கத்திலேயே குழு எண் கட்டம் கட்டி அச்சிடப்படுவது வழக்கமாகிவிட்டது. அதே எண்ணைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டாத அளவுக்குப் பெரிய எழுத்தில் தமிழிலும் அச்சிட வேண்டும் என்று மாநில வேளாண் துறை ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டும். மாம்பூ எடுக்கும் முன்பாக வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் எதிர்ப்புச் சோதனைக்கு ஏற்பாடு செய்யும் வேலையையும் அந்தத் துறையே ஏற்க வேண்டும். அதற்கான தொகையை விவசாயியிடம் வசூலிக்கவும் கூடாது.