வயிற்றுக்குள் ஆயுதம்: இந்தியாவின் புதிய போர் விமானம் எதிர்கொள்ளும் கேள்வி

2025 ஜூன் 14ஆம் திகதி இரவு, பிரித்தானியக் கடற்படைக் கப்பலொன்றிலிருந்து புறப்பட்ட எஃப்-35பி ரகப் போர் விமானம் எரிபொருள் குறைந்த நிலையில் திருவனந்தபுரத்தில் தரையிறங்கியது. பின்னர் இயந்திரக் கோளாறு கண்டறியப்பட்டதால் அது ஐந்து வாரங்களுக்கு மேலாக அங்கேயே தங்கி, ஜூலை 22ஆம் திகதியே அங்கிருந்து புறப்பட்டது. கேரளச் சுற்றுலாத்துறை இதனை நகைச்சுவை விளம்பரமாக்கிக் கொண்டது. ஆயினும் அந்த விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இந்தியா கவனமாகப் படிக்க வேண்டிய பாடமொன்று இருக்கிறது.

ராடாருக்குப் புலப்படாத விமானம் என்றால், அதன் வெளிப்புறத்தில் எதுவும் தொங்கக்கூடாது. இறக்கையின் கீழ்த் தொங்கும் ஒவ்வொரு குண்டும், அதனைத் தாங்கும் ஒவ்வொரு கொளுவியும் ராடார் அலைகளைத் திருப்பி அனுப்பும். ஆகவே ஆயுதங்கள் உடலின் உள்ளே அமைந்த அறைக்குள் செல்ல வேண்டியதாயிற்று. அந்த உடலுக்குள்ளேயே எரிபொருள், இயந்திரம், காற்று உள்வரும் குழாய், சக்கரங்கள் மடங்கும் இடம் ஆகிய யாவும் அடங்க வேண்டும். ஓட்டமாவடியின் பழைய பாலத்தில் புகையிரதமும் வாகனங்களும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொண்ட காலத்தை இப்பிரதேச வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று செல்வதற்கு மற்றொன்று காத்திருக்க வேண்டும். விமானத்தின் உடலில் காத்திருப்பதற்கும் வழியில்லை. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றொன்று நிரந்தரமாகவே இழக்கப்படும்.

திருவனந்தபுரத்தில் நின்ற விமானமே இதற்குச் சான்று. எஃப்-35 குடும்பத்தின் ஏ ரகம் தனது அறைகளில் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையுள்ள குண்டுகள் இரண்டைச் சுமக்கும். செங்குத்தாகத் தரையிறங்கக்கூடிய பி ரகமோ, உடலின் நடுவே பெரியதொரு விசிறியைப் பொருத்த வேண்டியிருந்ததால் அறையைச் சுருக்கிக்கொண்டது. அதனால் அதில் ஏறத்தாழ 450 கிலோகிராம் குண்டுகளே உள்ளே அடங்கும். கூடுதல் சுமை வேண்டுமாயின் இறக்கையின் கீழ்த் தொங்கவிடலாம். அவ்வாறு செய்த கணமே, பெரும் பணம் கொடுத்து வாங்கிய மறைவுத்தன்மை பறிபோய்விடும்.

இடப்பிரச்சினையுடன் சிக்கல் முடிவதில்லை. ஆயுதத்தை ஏவ அறையின் கதவு திறக்க வேண்டும். திறந்திருக்கும் அந்தச் சில விநாடிகள் விமானம் ராடாருக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். 1999 மார்ச் 27ஆம் திகதி சேர்பியாவில் வீழ்த்தப்பட்ட அமெரிக்காவின் எஃப்-117 விமானமும் கதவு திறந்திருந்த வேளையிலேயே தென்பட்டது எனக் கூறப்படுவதுண்டு. மேலும், வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் ஓசை எழுவதைப் போல, திறந்த அறையின் மீது அதிவேகக் காற்று பாயும்போது கடும் அதிர்வு உண்டாகிறது. அது உள்ளிருக்கும் ஏவுகணையின் நுண்கருவிகளைப் பாதிக்கலாம். விடுவிக்கப்பட்ட குண்டு விமானத்தின் மீதே மோதும் அபாயமும் உண்டு. ஏவுகணையைப் பலவந்தமாகக் கீழே தள்ளும் பொறிமுறை, கதவின் எடை, அகன்ற உடலால் ஏற்படும் காற்றுத்தடை ஆகியன இந்தப் பட்டியலின் ஏனைய அம்சங்களாகும்.

இந்தியாவின் நிலையை இப்பின்னணியில் நோக்குவோம். ரஷ்யாவுடனான கூட்டுத் திட்டத்திலிருந்து 2018இல் விலகிய புதுடில்லி, 'ஆம்கா' எனப்படும் சொந்த விமானத்தை உருவாக்க 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி இந்திய ரூபாவுக்கு அனுமதி வழங்கியது. தனியார் நிறுவனங்களும் போட்டியிடக்கூடிய செயற்பாட்டு முறை 2025 மே மாதத்தில் அங்கீகரிக்கப்பட்டது. 25 தொன் எடை கொண்ட இவ்விமானத்தின் வடிவமைப்பின்படி, உள் எரிபொருள் 6.5 தொன், உள்ளறை ஆயுதச் சுமை 1,500 கிலோகிராம், வெளிச் சுமை 5,500 கிலோகிராம்.

1,500 கிலோகிராம் மிகக் குறைவு என்று குறை கூறுவோர் உளர். எமது பார்வையில் அவர்கள் தவறான எண்ணை நோக்குகின்றனர். இந்தியாவின் அஸ்திரா ஏவுகணையின் எடை 154 கிலோகிராம். நான்கு ஏவுகணைகளை ஏற்றினாலும் 616 கிலோகிராமே ஆகும். எடையில் தாராளமாக மிச்சமிருக்கிறது. தட்டுப்பாடு நீளத்திலும் அகலத்திலுமே. சுகோய் விமானத்தின் வயிற்றின் கீழ் ஒன்றே ஒன்றாகத் தொங்கும் பிரமோஸ், 2.5 தொன் எடையும் 8 மீற்றருக்கும் மேற்பட்ட நீளமும் கொண்டது. அதற்கு இந்த அறையில் ஒருபோதும் இடமிராது. அமெரிக்கா தனது எஃப்-22 விமானத்தின் அறைக்குள் கூடுதல் எண்ணிக்கையை அடக்குவதற்காக ஆம்ராம் ஏவுகணையின் சிறகுகளையே வெட்டிக் குறுக்கியது. இந்தியாவும் அறைக்கேற்ற ஆயுதத்தை இப்போதே வடிவமைக்கத் தொடங்க வேண்டும். விமானம் உருவான பின்னர் ஏவுகணையை மாற்றலாம். அறையை மாற்ற முடியாது.

தென் கொரியா வேறு வழியைத் தேர்ந்தது. 2022இல் முதன்முறையாகப் பறந்த அதன் கே.எஃப்-21, ஏவுகணைகளை உடலில் பாதி புதைத்த நிலையில் சுமக்கிறது. உள்ளறை பின்னைய கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவசரமுள்ள நாட்டுக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடே. ஆனால் சீனாவின் ஜே-20 ஏற்கெனவே சேவையில் உள்ளது. ஜே-35 ரக விமானங்கள் 40ஐ வழங்கச் சீனா முன்வந்துள்ளதாகப் பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. இந்நிலையில் பாதி மறைவுடன் திருப்தியடைய இந்திய விமானப்படை இணங்கும் எனத் தோன்றவில்லை.

எமது நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது என வாசகர்கள் வினவலாம். கிபிர் என்ற பெயர் வடக்கு, கிழக்கில் சிறுவர்களும் அறிந்த சொல்லாக இருந்தது. 1996 முதல் கொண்டுவரப்பட்ட அவ்விமானங்கள் குண்டுகளை வெளியிலேயே சுமந்தன. அவற்றுள் ஐந்தை மேம்படுத்த 2021இல் இலங்கை ஏறத்தாழ 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. மறுபுறம், 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கிய விடுதலைப் புலிகளின் விமானங்கள் சாதாரண இலகு ரக விமானங்களே. குண்டுகளை வெளியில் கட்டிக்கொண்டே அவை வந்து சென்றன. ராடார் வலையமைப்பு அவற்றைத் தடுத்து நிறுத்தவில்லை.

அயலில் மறைவு விமானங்கள் பெருகும்போது, கொழும்பிலும் புதிய போர் விமானங்களுக்கான கோரிக்கை எழக்கூடும். அத்தகைய கோரிக்கை பாராளுமன்றத்துக்கு வரும்போது, விமானத்தின் விலையை மட்டுமன்றி, அதன் உள்ளறைக்குப் பொருந்தும் ஆயுதங்களை யார் விற்பார், என்ன விலைக்கு, எத்தகைய நிபந்தனையுடன் என்பதையும் உறுப்பினர்கள் கேட்டறிய வேண்டும்.