நேட்டோவின் 5 சதவீதம்: பிரீமியமா, கவரா?

மார்ச் மாசம் டாக்ஸுக்காக அவசர அவசரமா ஒரு பாலிசி எடுத்திருக்கீங்களா? நேட்டோ நாடுகளும் அப்படித்தான் செய்யுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

2014-ல் வேல்ஸ் மாநாட்டில், ஜிடிபியில் 2 சதவீதம் பாதுகாப்புக்கு என்று இலக்கு வைத்தார்கள். பல நாடுகள் தள்ளிப்போட்டன. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவில் படையெடுத்த பிறகுதான் வேகம் வந்தது. 2025-ல் ஹேக் மாநாட்டில் இலக்கு 5 சதவீதம் ஆனது, கெடு 2035.

ஆனா பிரிச்சுப் பாருங்க. 3.5 சதவீதம்தான் நேரடி ராணுவச் செலவு. மீதி 1.5-ல் உள்கட்டமைப்பு, சைபர் பாதுகாப்பு எல்லாம் வரும். சிசிலிக்குக் கட்டத் திட்டமிட்ட மெசினா பாலத்தையே இதில் சேர்க்கலாமான்னு இத்தாலியில் பேச்சு கிளம்பியது!

ஒரு ஆடிட்டரா சொல்றேன்: செலவை வேற தலைப்புக்கு மாத்தினா கணக்கு டேலி ஆகும். எல்லையில் ஒரு பீரங்கி குண்டுகூட கூடாது.

பிரீமியத்தைப் பார்க்காதீங்க, கவரைப் பாருங்கன்னு உங்களுக்குச் சொல்வேன் இல்லையா? நேட்டோவிடமும் கேட்க வேண்டியது அதுதான்: எத்தனை சதவீதம்னு இல்லை, குண்டு கையிருப்பும் வான் பாதுகாப்பும் எவ்வளவு கூடியிருக்கு?