ரத்தத்தின் மேல் போடும் பழி

இதய நோய் என்று வாயெடுத்தாலே ஒரு பதில் தயாராக வந்துவிடுகிறது. "இந்தியர் ரத்தமே அப்படித்தான். சாப்பாடு என்ன செய்யும்? என் தாத்தா நாசி கண்டார் சாப்பிட்டே தொண்ணூறு வயது வாழ்ந்தார்." 2024இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருபத்து நான்கு மணி நேர உணவகங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தபோது பினாங்கின் லெபோ பசாரிலும் இதையே கேட்டேன்.

ரத்தம்தான் கொல்கிறது என்றால், அதே ரத்தம் ஓடிய தாத்தா எப்படித் தொண்ணூறைத் தொட்டார்?

தாத்தா தின்றதைச் சொல்கிறீர்கள், தூக்கியதை ஏன் மறைக்கிறீர்கள்? நாசி என்றால் சோறு, கண்டார் என்பதே காவடித் தண்டுதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் தோளில் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்கள். விற்றவரும் சுமந்தார், தின்றவரும் மூட்டை தூக்கினார். இன்று அதே சோற்றைக் குழம்பில் மிதக்கவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்குத் தின்று, டின்பால் கெட்டியாக ஊற்றிய தே தாரேக்கையும் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறோம்.

ஐம்பதில் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்த தாத்தாக்களைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. அவர்களும் இருந்தார்கள். மருத்துவர் தனராஜும் உடன் ஆய்வாளர்களும் சிங்கப்பூரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, சீனர்களைவிட இந்தியர்களிடம் இதய ரத்தக்குழாய் நோய் பல மடங்கு அதிகம் என்று 1959இலேயே எழுதிவிட்டார்கள்.

"அப்படியானால் ரத்தம்தானே காரணம்?" என்று துள்ள வேண்டாம். பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வின் தரவுகளிலிருந்து 2007இல் வெளியான முடிவைப் பாருங்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களுக்கு 58.8. ஏறக்குறைய ஆறு வருடம் முந்துகிறோம். முந்துவதற்குப் பெரும்பகுதிக் காரணமாக அங்கே நின்றவை புகை, நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, தொப்பை போன்றவை. அவை நம்மை இளவயதிலேயே பிடித்துக்கொள்கின்றன. இவற்றில் எதைத் தொட முடியாது என்கிறீர்கள்?

பின்லாந்தின் வட கரேலியாவில் ஆண்கள் இளவயதில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1972இல் வெண்ணெயையும் உப்பையும் புகையையும் குறைக்க ஊரே இறங்கியது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அவர்கள் ரத்தத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நம் பக்கம் திரும்புவோம். 2020இல் மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 17 விழுக்காடு இதய ரத்தக்குழாய் நோயால் நேர்ந்தவை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. என் மாமாவும் அந்தக் கணக்கில் ஒருவர். "பரம்பரை வியாதிக்கு மாத்திரை எதற்கு?" என்று உங்களைப் போல ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு வெள்ளிக்குப் பார்க்கும் அரசாங்க கிளினிக்குக்குப் போவதையே நிறுத்தினார். ஐம்பத்திரண்டு வயதில் அவரை எடுத்துப் போனோம்.